தடயமற்ற தடை: இணைய முடக்கமும் ஆய்வாளரின் சான்றும்

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதப் புகும் எவரும் ஒரு கட்டத்தில் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடியே தீரவேண்டும். அங்கே அவர் தேடுவனவற்றுள் முதன்மையானவை, ஆங்கில அரசு தன் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு தொகுப்பித்த நாட்டுமொழி இதழ் அறிக்கைகள். சுதேசமித்திரன் முதலிய ஏடுகள் என்ன எழுதுகின்றன என்பதை ஆள்வோர் அறிவதற்காகத் தொகுக்கப்பட்டவை அவை. வேவே அவற்றின் நோக்கம். மூலப்படி கிடைக்காத இதழ்கள் சிலவற்றின் கருத்தை இன்று அவ்வறிக்கைகளின் ஆங்கிலச் சுருக்கத்தில் மட்டுமே காணமுடிகிறது. புதுச்சேரியில் பாரதியாரைத் தொடர்ந்த காவலரின் குறிப்புகளும் இவ்வகையினவே. ஒருவரை வருத்திய கண்காணிப்பு, பின்வந்தோர்க்குச் சான்றாயிற்று. அச்சான்றை எடுத்தாளும்போது எனக்கு எப்பொழுதும் ஒரு கூச்சம் உண்டு. ஆயினும் இன்றைய தணிக்கை அத்தகைய சான்றைக்கூட விட்டுச்செல்வதில்லை என்பதே இங்கு நான் முன்வைக்க விரும்பும் கவலை.

1928-இல் பர்மா அரசைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் பாரதியார் பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. நூல்களைப் பறிமுதல் செய்ய இடமளித்த அக்காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவு, அரசிதழில் அறிவிக்கை வெளியிடவேண்டும், அதில் காரணமும் கூறவேண்டும் என விதித்திருந்தது. உயர்நீதிமன்றத்தை அணுகவும் வழியிருந்தது. தடை இன்னதென ஊரறிய இருந்தமையால்தான் சென்னைச் சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதிட முடிந்தது. அச்சு நூலைப் பொறுத்தவரை இந்நெறி இன்றும் மாறவில்லை. 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவு அதனையே தொடர்கிறது.

இணையத்துக்கு வருங்கால் நிலைமை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக ஒரு பக்கத்தை முடக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. காரணத்தை எழுத்தில் பதியவேண்டும் என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. ஆனால் அதன்கீழ் 2009-இல் இயற்றப்பட்ட விதிகளுள் 16-ஆவது, முறையீடுகளையும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும் கண்டிப்பான இரகசியமாகக் காக்கப் பணிக்கிறது. 2015-இல் சிரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் 66-ஏ பிரிவை நீக்கி, 69-ஏ பிரிவை நிலைநிறுத்தியது. எழுத்தில் காரணம் இருப்பதால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் அதனை எதிர்க்கலாம் என்பது அதற்குக் காட்டிய நியாயங்களுள் ஒன்று. கண்ணிற் படாத காரணத்தை எவ்வாறு எதிர்ப்பது? 2020-இல் அனுராதா பாசின் வழக்கில், இணைய இணைப்பைத் துண்டிக்கும் ஆணைகளை வெளியிடவேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. ஒரு பகுதியின் இணைப்பு முழுவதற்கும் பொருந்தும் நெறி ஒரு தனிப் பக்கத்துக்குப் பொருந்தாது என்பதற்கு வலுவான விளக்கம் எதனையும் நான் கண்டதில்லை.

அண்மையில் ஒரு வாய்மொழித் தேர்வில், ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலிருந்த இணையப் பக்கங்கள் சில திறக்கவில்லை. உரிமையாளர் நீக்கினாரா, முகவரிக்குரிய கட்டணம் செலுத்தப்படவில்லையா, அரசு முடக்கியதா என்பதை ஆய்வாளராலும் சொல்ல இயலவில்லை, தேர்வாளனாகிய என்னாலும் இயலவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ எழுத முடிந்தமைக்கு, உரையாசிரியர்கள் அந்நூல்களின் பெயரையும் சில வரிகளையும் குறித்துவைத்தமையே காரணம். முடக்கப்பட்ட பக்கத்துக்கு அத்தகைய உரையாசிரியர் இல்லை.

இரகசியத்துக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதம் ஒன்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பற்றிய முறையீடு வெளியானால், அவர் இரண்டாம் முறை காயப்படுவார். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கின் தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமை என நிறுவியதன் பயன் இத்தகையோரைச் சென்றடையவேண்டும். ஆயின் அதற்கு ஆணை முழுவதையும் மறைக்கவேண்டுவதில்லை. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்றது தொல்காப்பியம். நிகழ்ச்சியைச் சொல்லலாகாது என்று கூறவில்லை. பெயரை நீக்கி, காரணத்தை வெளியிடுவது நமக்குப் புதிதன்று. இதற்கு மாறாக, 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) விலக்கை விரிவாக்கியது. 17(2) பிரிவால், அறிவிக்கை செய்யப்படும் அரசு அமைப்புகளைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கவும் வழிசெய்தது. குடிமகனைக் காக்க வந்த தனியுரிமை என்னும் சொல் அலுவலகக் கோப்புக்குக் காவலாகிவருகிறது.

விதி 16 திருத்தப்படும்வரை நாம் செய்யக்கூடியது சிறிது உண்டு. இணையச் சான்றைக் காட்டும் கட்டுரையாளர், பார்த்த நாளுடன் அப்பக்கத்தின் படியையும் ஒப்படைக்கவேண்டும் என இவ்விதழின் ஆசிரியர் குழுவே விதிக்கலாம். படிகளைத் துறை நூலகம் பேணலாம். ஒரு நெருடலையும் சொல்லவேண்டும். சமூக ஊடகத்தில் எளியோர் எழுதியவற்றைப் படியெடுத்து அடுக்கும்போது, நாமும் பழைய காவலரின் குறிப்பேட்டையே நிரப்பத் தொடங்கிவிடக்கூடும். பொதுவாழ்வில் இல்லாதவரின் பெயரை நீக்கியபின்னரே படியைச் சேர்க்கவேண்டும் என்பதையும் அவ்விதியிலேயே எழுதிவிடலாம்.