போன் பெட்டியில் காலாவதி தேதி எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்துபோன பிள்ளைகளில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "டீச்சர், புது போன் வாங்கியிருக்கீங்களாமே, எப்படி இருக்கு? அம்மாவுக்கும் அதையே வாங்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி. 2024 அக்டோபரில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பிடம் உள்ளதற்கு அறிமுக விலை ரூ.18,999. 256 ஜிபி உள்ளதற்கு அப்போது ரூ.21,999. இதை எழுத யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. இதே போனைத்தான் வாங்க வேண்டும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. எந்த போன் வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்ல இது ஒரு நல்ல உதாரணம், அவ்வளவுதான்.

போன் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும், விளையாட்டு எவ்வளவு வேகமாக ஓடும் என்றுதான் பேசும். தனக்குப் பதில் தெரிந்த கேள்விகளை மட்டும் வைத்து, தானே வினாத்தாள் எடுத்து, தானே எழுதி, தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்கிற பரீட்சை அது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு வாங்கும் போனுக்கு நாம்தான் வினாத்தாள் எடுக்க வேண்டும்.

முதலில் நிறைகள்.

திரை 6.7 அங்குலம், சூப்பர் அமோலெட். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டாலும் ஒரு வரிக்கு நாலைந்து சொற்கள் தெரிகின்றன. சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும், படிக்கவே அலுத்துவிடும். "ஈஸி மோட்" என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் ஐகான்கள் பெரிதாகிவிடும், கீபோர்டு எழுத்து பளிச்சென்று தெரியும். விரலைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்தாலும் தேவையில்லாமல் வேறு எதுவும் திறக்காது. நம் வயதுக்கு மிகவும் வேண்டிய வசதி. உங்கள் அம்மாவிடம் சாம்சங் போன் இருந்தால் செட்டிங்ஸில் தேடிப் போட்டுக் கொடுங்கள்.

பேட்டரி 5,000 எம்ஏஎச். என்னைப் போல வாட்ஸ்அப், செய்தி, கொஞ்சம் பாட்டு என்று இருப்பவருக்கு காலையில் போட்ட சார்ஜ் ராத்திரிவரை தாராளமாக நிற்கிறது. ஐபி54 என்ற தரம் உண்டு. தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும் என்று பொருள். சமையலறையில் ஈரக் கையோடு எடுத்துப் பேசலாம். அதற்காகக் குடத்துக்குள் விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

முன்பக்கக் கேமரா 13 மெகாபிக்சல். செல்ஃபிக்காக இதைச் சொல்லவில்லை. ஓய்வூதியர்கள் ஜீவன் பிரமாண் உயிர்வாழ் சான்றை வீட்டிலிருந்தே போனில் முகத்தைக் காட்டிக் கொடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. அதற்கு 5 மெகாபிக்சல் கேமரா இருந்தால் போதும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச.

இனி குறைகள்.

பெட்டியில் சார்ஜர் கிடையாது, ஒயர் மட்டும்தான். இந்த போன் 25 வாட் வரை வாங்கும். வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜரில் போட்டால் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். புதிது வாங்கினால் அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இயர்போன் செருகும் வட்டத் துளை இல்லை. காது கொஞ்சம் மந்தமானவர்கள் பழைய ஒயர் இயர்போனில்தான் நிம்மதியாகப் பேசுவார்கள். அவர்கள் டைப்-சி முனை உள்ளதையோ புளூடூத்தையோ வாங்க வேண்டும். புளூடூத் என்றால் அதற்கும் தனியாகச் சார்ஜ் போட வேண்டும். ஒலிபெருக்கியும் ஒன்றே ஒன்றுதான், அடிப்பக்கம் இருக்கிறது. கையால் மூடிக்கொண்டால் சத்தம் அடங்கிவிடும்.

பின்னால் மூன்று கேமரா. 50 மெகாபிக்சல் உள்ள ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்வது. 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை எண்ணிக்கைக்கு வைத்தது என்றுதான் சொல்வேன். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் என்ற அமைப்பு இல்லை. இளவயதுக்காரர்களைவிட கை நடுங்கும் வயதில்தான் அது அதிகம் தேவை. நல்ல வெளிச்சத்தில் எடுங்கள், படம் நன்றாக வரும்.

இரண்டு சிம் போட்டால் மெமரி கார்டு போட இடமில்லை. கார்டு போட்டால் ஒரு சிம்தான். அளவும் பெரியது. சட்டைப்பையில் வைத்துக் குனிந்தால் எட்டிப்பார்க்கும், பெண்கள் வைத்திருக்கும் சின்ன பர்ஸில் அடங்காது.

இத்தனை குறை இருந்தும் ஏன் இதை வாங்கினேன்? ஒரே காரணம்தான். இந்த போனுக்கு ஆறு ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவதாகவும், ஆறு முறை ஆண்ட்ராய்டு பதிப்பை உயர்த்தித் தருவதாகவும் நிறுவனம் அறிவித்திருக்கிறது. கூகுள் பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற விலை கூடிய போன்களுக்கு ஏழு ஆண்டு என்று அறிவித்தார்கள். இருபதாயிரத்துக்குள் உள்ள போனுக்கு ஆறு ஆண்டு என்பது அப்போது புதிது. அந்த விலையில் விற்கும் பல போன்களுக்கு அதில் பாதியளவுதான் சொல்கிறார்கள். சிலவற்றுக்கு எத்தனை ஆண்டு என்றே சொல்வதில்லை.

அப்டேட் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். கூரை வீட்டுக்கு அவ்வப்போது கீற்று மாற்றுவோமே, அதுபோலத்தான். போனுக்குள் இருக்கும் மென்பொருளில் ஓட்டைகள் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அடைக்கிறவனும் தேடுகிறான், திருடுகிறவனும் தேடுகிறான். நிறுவனம் அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு தெரியவரும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். கீற்று மாற்றாத வீடு மழை வந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். போன் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பார்க்கப் புதிதாகவே இருக்கும்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மகன் புது போன் வாங்குவான். மூன்று நான்கு வருடம் பயன்படுத்திய பழைய போன் அப்பாவுக்கு வரும். அவர் அதைத் தந்த பிறகு, அவருடையது அம்மாவுக்குப் போகும். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டு உங்களை வளர்த்தோம், அதில் தப்பில்லை. சட்டை பழசானால் சாயம்தான் போகும். போன் பழசானால் காவல் போய்விடுகிறது.

"அம்மாவுக்கு எதுக்கு டீச்சர் அவ்வளவு விலையில? வாட்ஸ்அப் பார்க்கத்தானே" என்று ஒரு பிள்ளை சொன்னான். அம்மாவின் போனை ஒருமுறை திறந்து பாருங்கள். பென்ஷன் வந்துசேரும் வங்கியின் ஆப் இருக்கும். காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்பும் யுபிஐ இருக்கும். கேஸ் பதிவு, மின்கட்டணம், ஆதார், டிஜிலாக்கர் எல்லாம் இருக்கும். அத்தனைக்கும் ஓடிபி வந்து விழுவதும் அதே போனில்தான். உங்கள் கணக்கிலிருந்து பணம் போனால் அடுத்த மாதச் சம்பளம் வரும். எங்கள் தலைமுறையின் கணக்கில் இருப்பது பணிக்கொடையும் முப்பது வருடச் சேமிப்பும். போனால் போனதுதான். வீட்டிலேயே நல்ல பூட்டு யாருக்குத் தேவையோ, அவர்களுக்குத்தான் உடைந்த பூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

விலை அதிகம் என்பவர்களுக்கு ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு ஒன்று. ரூ.18,999 போனுக்கு, வாங்கும்போது சுமார் 70 மாத அப்டேட் மிச்சம் என்றால் மாதத்துக்கு ரூ.271. பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு போன், அதற்கு இரண்டு வருட அப்டேட்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ரூ.417. எது மலிவு, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆறு வருடம் நாம் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இதே போனை 2027-ல் தள்ளுபடியில் வாங்கினால் மூன்று வருடம்தான் மிச்சம். தள்ளுபடி எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று அப்போது புரியும்.

ஆறு வருடமும் போன் அப்படியே இருக்குமா? இருக்காது. பேட்டரி தளரும், நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். கடைசி வருடங்களில் வேகமும் குறையலாம். ஆனால் மெதுவாகத் திறக்கும் கதவு வேறு, பூட்டே இல்லாத கதவு வேறு.

அப்டேட் வந்துகொண்டிருந்தால் மட்டும் எல்லாம் பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். போலீஸ் பேசுகிறேன், வங்கி மேனேஜர் பேசுகிறேன் என்று மிரட்டி ஓடிபி கேட்பவனிடம் நாமே வாய்விட்டுச் சொன்னால் எந்த போனும் காப்பாற்றாது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு இன்ஸ்டால் செய்தாலும் அப்படித்தான். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அந்த எண்ணை அம்மா அப்பா போனில் பதிந்து வையுங்கள்.

நான் வாங்கப் போன கடையில் விற்பனைத் தம்பி கால் மணி நேரம் கேமராவைப் பற்றியே பேசினார். "இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும் தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் வந்துகிட்டே இருக்கும்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை, நிறுவனங்களும் பெட்டியில் அச்சிடுவதில்லை. பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் எத்தனை மாதத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று இருக்கிறது. இருமல் டானிக்கில் காலாவதி தேதி இருக்கிறது. பதினைந்து இருபதாயிரம் கொடுத்து வாங்கும் போன் பெட்டியில் விலை இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, காவல் முடியும் மாதம் மட்டும் இல்லை. நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட்டுகள் கிடைக்க வேண்டும் என்கிறது அது. நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும். அதுவரைக்கும் பெட்டியின் மேல் மாதத்தையும் வருடத்தையும் பெரிதாக அச்சிடச் சட்டமாவது வேண்டும். உங்களில் சிலர் அரசுப் பணியில் இருக்கிறீர்கள், சிலர் பத்திரிகையில் இருக்கிறீர்கள், சிலர் இந்த போன் நிறுவனங்களிலேயே வேலை பார்க்கிறீர்கள். உங்களால் முடிந்த இடத்தில் இதைப் பேசுங்கள்.

பழைய போனைப் பெற்றோருக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடம் அப்டேட் மிச்சம் இருக்கும்போதே கொடுங்கள். அது முடிந்த போன் என்றால் பாட்டு கேட்கவும் யூடியூப் பார்க்கவும் மட்டும் கொடுங்கள், வங்கி ஆப்பையும் யுபிஐயையும் அதில் போட வேண்டாம். மிகப் பழைய போன்களில் ஆப்புகளே ஓடாமல் போய்விடுகின்றன. ஆண்ட்ராய்டு 4.4 உள்ள போன்களில் 2025 ஜனவரி 1 முதல் வாட்ஸ்அப்பே நின்றுவிட்டது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். அம்மா அல்லது அப்பாவின் போனில் செட்டிங்ஸ் போய், "அபவுட் போன்" என்பதைத் திறங்கள். அதற்குள் சாஃப்ட்வேர் தகவல் என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் என்று ஒரு தேதி இருக்கும். சில போன்களில் செக்யூரிட்டி என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அந்தத் தேதி சில மாதங்களுக்கு முந்தையது என்றால் கவலை வேண்டாம். ஒரு வருடத்துக்கும் மேல் பழையது என்றால் முதலில் அப்டேட் ஏதாவது காத்திருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் போனை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ காலில் சொல்லிச் சொல்லிச் செய்ய வையுங்கள். ஐந்து நிமிட வேலை. பார்த்த தேதியைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். என்ன செய்யலாம் என்று தெரியாதவர்களுக்கு, தெரிந்த பிள்ளைகள் பதில் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.