ரூல்ஸ் விடலையாம் சார்!

போன மே மாதம் பள்ளிப்பட்டு போயிருந்தேன். திருத்தணியிலிருந்து பஸ். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் டீக்கடையில் பாதிப் பேச்சு தெலுங்கு. விசைத்தறிக்காரர்கள் சிலரைப் பார்க்கத்தான் போனேன். அது வேறு கதை, இன்னொரு வாரம் எழுதுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்க, ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் ஒதுங்கினோம். அங்கே மோட்டார் ஷெட் நிழலில் சங்கிலியில் கட்டிய ஒரு நாய் படுத்திருந்தது.

நாட்டு நாய் இல்லை. கோல்டன் ரெட்ரீவர். டி.வி. விளம்பரத்தில் குழந்தைகளோடு புல்வெளியில் ஓடுமே, அந்த ஜாதி. முடியெல்லாம் சடை பிடித்து, காது ஓரத்தில் உண்ணி. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, வலது முன்காலைத் தூக்கி ஷேக்ஹேண்ட் கொடுத்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தோப்பு வாட்ச்மேன் பெரியவரைக் கேட்டேன்.

"ஓனரோட நாய் சார். ப்ரூனோன்னு பேரு. அவரு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல பெரிய வேலையில இருந்தாரு. கம்பெனியே ஜெர்மனிக்கு அனுப்பிடிச்சி. குடும்பத்தோட போயிட்டாங்க. இத மட்டும் ஏத்த முடியலையாம். ரூல்ஸ் விடலையாம் சார்."

"போய் எவ்வளவு நாளாச்சு?"

"வர்ற ஆடி வந்தா ரெண்டு வருஷம். நடுவுல பொங்கலுக்கு வந்தாங்க. பாப்பா இதக் கட்டிப்புடிச்சிக்கினு ஒரே அழுவை. போறப்ப ஆவக்கா ஊறுகா ரெண்டு பாட்டில் எடுத்துக்கினு போனாங்க."

ஊறுகாய் ஜெர்மனி போய்விட்டது. ப்ரூனோ என்று ஜெர்மன்காரன் பேர் வைத்த நாய் பள்ளிப்பட்டில் இருக்கிறது.

சென்னை திரும்பியதும் அந்த ரூல்ஸ் என்னதான் சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நீங்களும் கேளுங்கள். ஒருநாள் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ தேவைப்படலாம்.

முதலில் நாயின் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப். அதில் 15 இலக்க எண். சிப் வைத்த பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிளம்புகிற சமயத்தில் அரசு கால்நடை அதிகாரியின் சான்றிதழ். அதற்கான மத்திய அரசு அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. நாய் உங்களோடு போகலாம், அல்லது உங்களுக்கு ஐந்து நாள் முன்னேயோ பின்னேயோ போகலாம்.

அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து நாலு, நாலரை மாதம். பூனைக்கும் இதே கதைதான். கூண்டு, கார்கோ கட்டணம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சோபாவையும் பிரிட்ஜையும் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பியதாகப் பெரியவர்தான் சொன்னார். அந்த சோபாவுக்கு ஆன செலவை யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்தில் இந்த நாலரை மாதம் எத்தனை தடவை வந்துபோயிருக்கும்? அவர் பொங்கலுக்கு வந்தபோது சிப்பும் ஊசியும் போட்டுவிட்டு, அடுத்த லீவில் வந்து கையோடு கூட்டிப் போயிருக்கலாம். விடாதது ரூல்ஸ் இல்லை. அவர்தான் விட்டுவிட்டுப் போனார்.

'விமானத்தில் லக்கேஜோடு போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும்' என்று ஒரு வதந்தி உண்டு. மனசாட்சி உறுத்தாமல் இருக்க இது ரொம்ப சௌகரியமான வதந்தி. உயிருள்ள விலங்குகளை வைக்கிற கீழ்த்தளத்திலும் நாம் உட்கார்ந்திருக்கிற கேபினில் உள்ள அதே காற்றழுத்தம்தான். வெப்பநிலையும் கட்டுப்படுத்தப்படும். நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் கூண்டில் இடம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து சங்கமான அயாட்டாவின் விதி. பக், புல்டாக், பெர்ஷியன் பூனை மாதிரி மூக்கு சப்பையான ஜாதிகளுக்கு மட்டும் ஆபத்து நிஜமாகவே அதிகம். சில விமான கம்பெனிகள் அவற்றை ஏற்றுவதே இல்லை. தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும். அதற்குப் பதில் ஒரு மாதம் முன்பே கூண்டை வாங்கி வீட்டில் திறந்து வைத்து, சோறு அதற்குள்ளேயே வைத்துப் பழக்கினால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது குற்றம். முதல் முறை என்றால் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். ஏர்போர்ட்டில் ஒரு காபி குடிக்க அந்த 50 ரூபாய் பத்தாது.

சரி, இந்த ரூல்ஸ் எதற்கு? அதைக் கேட்காமல் திட்டுவதுதான் இப்போது வழக்கம். 'வெளிநாட்டுக்காரனுக்கு நம்மைக் கண்டால் இளக்காரம்' என்று ஆரம்பித்து வெள்ளைக்காரனின் நிறவெறி வரைக்கும் போய்விடுகிறார்கள்.

ரேபிஸ் கிருமி உடம்பில் நுழைந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். அறிகுறி வந்துவிட்டால் மனிதனோ நாயோ, அநேகமாகப் பிழைப்பதில்லை. ஊசி போடுவதற்கு முந்தின வாரமே நாயைக் கடித்துக் கிருமி ஏறியிருந்தால் சர்டிபிகேட்டில் அது தெரியாது. மூன்று மாதக் காத்திருப்பு அதற்காகத்தான். அதற்குள் நோய் இருந்தால் வெளியே வந்துவிடும்.

இந்தக் காத்திருப்பு ஜப்பானிலிருந்து வரும் நாய்க்குக் கிடையாது. இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு உண்டு. ஆஸ்திரேலியா இன்னும் கடுமை. இங்கிருந்து நேராக நாயையோ பூனையையோ உள்ளே விடவே மாட்டார்கள். வேறொரு அங்கீகரிக்கப்பட்ட நாட்டில் வைத்திருந்துதான் கொண்டுபோக வேண்டும். அமெரிக்கா 2021 ஜூலையில் இந்தியா உள்பட 113 நாடுகளிலிருந்து நாய் வருவதையே தற்காலிகமாக நிறுத்தியது. அதற்கு முந்தின வருடம் மட்டும் 450-க்கு மேற்பட்ட நாய்கள் போலி அல்லது தவறான ரேபிஸ் சான்றிதழோடு வந்து இறங்கியதாக அவர்கள் கணக்கு. 2021-லேயே அஜர்பைஜானிலிருந்து வந்த ஒரு நாய்க்கு, வந்த பிறகு ரேபிஸ் என்று தெரிந்தது. அதற்குத் தடுப்பூசிச் சான்றிதழ் இருந்தது! 2024 ஆகஸ்டிலிருந்து புது விதிகளோடு விடுகிறார்கள். நாயைப் பார்க்காமலே டாக்டரிடம் ஊசி புத்தகத்தில் சீல் வாங்குகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். யாரென்று உங்களுக்கே தெரியும்.

உலகத்தில் ரேபிஸால் சாகிற மனிதர்களில் 36 சதவிகிதம் பேர் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று பேரில் ஒருவருக்கும் மேலே. அதில் நிறையப் பேர் குழந்தைகள். அந்தக் குழந்தைகள் அபார்ட்மென்ட்டில் ப்ரூனோக்களோடு வளர்கிற குழந்தைகள் இல்லை. தெருவில் விளையாடுகிற, கடித்ததை அம்மாவிடம் சொன்னால் அடி விழும் என்று மறைக்கிற குழந்தைகள்.

உங்கள் நாய் ஏ.சி. ரூமில் வளர்ந்து, வருஷா வருஷம் ஊசி போட்டுக்கொண்ட நாய்தான். அதை நாலரை மாதம் நிறுத்தி வைப்பது ஐரோப்பிய அதிகாரி இல்லை. உங்கள் கேட்டுக்கு வெளியே ஊசி போடாமல் திரிகிற நாய்தான் நிறுத்தி வைக்கிறது. அந்த நாய்க்கு ஊசி போடச் சொல்லி என்றைக்காவது கவுன்சிலரிடம் போய் நின்றிருக்கிறோமா? உள்ளே இருக்கிற நாய்க்கு பர்த்டே கேக். வெளியே இருக்கிற நாயைப் பற்றி 'பிடித்துக்கொண்டு போ' என்று புகார். இரண்டையும் செய்கிறவர் பெரும்பாலும் ஒரே ஆள்.

இத்தனைக்கும் நாம் ரேபிஸுக்குப் புதுசு இல்லை. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து, தென்னிந்தியாவில் சிகிச்சைக்கு வழியில்லாமல் இறந்தார். அதன் பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தில் ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கி, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் தாத்தா பாட்டிகள் பயமுறுத்தியது குன்னூர் தயாரித்த மாதிரியான அந்தப் பழைய மருந்தைத்தான். நூறு வருஷத்துக்கு மேலாக மருந்து நம் மலையில் இருக்கிறது. நோய் நம் தெருவில் இருக்கிறது.

முடியாத காரியமா என்றால், இல்லை. ஒரு ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு விடாமல் ஊசி போட்டால் பரவல் நின்றுவிடும் என்பது உலகம் முழுக்கப் பரிசோதித்த கணக்கு. கோவாவில் வலையோடும் செல்போனோடும் தெருத் தெருவாகப் போய் வருஷா வருஷம் போட்டார்கள். மூன்று வருஷமாக ஒரு மனிதர்கூட ரேபிஸில் சாகவில்லை என்று 2021-ல் அந்த மாநில முதலமைச்சர் அறிவித்தார். அதே வருடம் மத்திய அரசு 2030-க்குள் நாடு முழுக்க இதைச் செய்வோம் என்று ஒரு திட்டம் வெளியிட்டது. 2030 ரொம்ப தூரத்தில் இல்லை.

அரசாங்கம் மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து பொம்மை ஏற்றி வந்த கன்டெய்னரில் ஒரு பூனை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கொரோனா பயம். அதைத் திரும்பச் சீனாவுக்கே அனுப்ப வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். விலங்கு நல அமைப்பான பீட்டா குறுக்கே புகுந்தது. கடிதம், பதில் கடிதம், தனிமைப்படுத்தல் என்று சுமார் இரண்டு மாதம் ஓடி, கடைசியில் பூனை விடுதலை ஆனது. ஒரே ஒரு பூனைக்கு அத்தனை ஃபைல், அத்தனை ஜாக்கிரதை! அதில் நூற்றில் ஒரு பங்கு ஜாக்கிரதை தெருவுக்கு வந்தால் போதுமே.

இன்னொன்று 2022-ல், உக்ரைன். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து நம் மாணவர்கள் நாய், பூனையோடு வந்தார்கள். மயிலாடுதுறைப் பெண் ஒருவர், நாயை ஏற்ற மாட்டோம் என்று சொன்னதால் கிடைத்த விமானங்களையே விட்டுவிட்டுக் காத்திருந்து, மார்ச்சில் தன் நாயோடுதான் சென்னையில் இறங்கினார். முதலில் காகிதம் கேட்டு அலைக்கழித்த மத்திய அரசு, செய்தி பரவியதும் சில நாளில் விதியைத் தளர்த்தியது. அந்தப் பெண்ணுக்கு நாலரை மாதம் இல்லை. நாலரை நாள்கூட நிச்சயமில்லை.

'மனுஷனுக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு ஒரு கட்டுரையா?' என்று கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு: அந்தத் தோப்பில் பெரியவரின் பேரப் பசங்க இரண்டு பேர், ஆறு வயசும் நாலு வயசும், ப்ரூனோவின் மேல் ஏறி விளையாடுகிறார்கள். ராத்திரி சங்கிலியை அவிழ்த்துவிட்டால் ஊர் நாய்களோடு சண்டை போட்டுக் காயத்தோடு வருகிறது. "ஊசி போட்டீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் சிட்டியில இருக்கறப்போ அவங்க போட்டதுதான் சார்" என்றார். ரெண்டு வருஷம். இப்போது சொல்லுங்கள், இது நாய்க்கான கட்டுரையா?

ஜூன் மாதம் மறுபடி போனேன். தெரிந்த கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய் சிப் வைத்து, ஊசி போட்டு, உண்ணிக்கு மருந்தும் கொடுத்தாயிற்று. பெரியவரிடம் நம்பர் வாங்கி ஓனருக்கு எல்லா விவரமும் அனுப்பினேன். அடுத்த மாதம் ரத்தம் எடுக்கலாம், அக்டோபர் கடைசியில் கூட்டிப் போகலாம், தேதி போட்டே எழுதினேன். 'தேங்க்ஸ் சார், ஒய்ஃப்கிட்ட பேசிட்டு சொல்றேன்' என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு கும்பிடு பொம்மை.

போன வாரம் பெரியவர் போன் பண்ணினார்.

"சார், ஓனர் பேசினாரு. தோப்ப விக்கப் போறாராம். பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. நாயப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானா கேக்கலாமா சார்?"