கடைசி இடமும் காலதாமதமும்

மாதனூர் டீக்கடைகளில் மஞ்சள் சட்டைக்காரர்கள் 2025 ஐ.பி.எல்.லை இன்னும் மறக்கவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். கோலி ரசிகர்களும் பக்கத்து பெஞ்சிலேயே இருப்பார்கள், கேலிக்குக் கேட்கவா வேண்டும்! ஐந்து முறை கோப்பை வென்ற சி.எஸ்.கே. 14 ஆட்டத்தில் நான்கே வென்று முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. பெங்களூரு 2008-க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் ஜெயித்தது. அதே மைதானத்தில் கொல்கத்தாவிடம் 103 ரன்னில் முடங்கினோம். கேப்டன் ருதுராஜ் முழங்கையில் அடிபட்டு விலகியதைச் சாக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணம்கூட இல்லை. ஏலத்தில் பழைய முகங்களைத் தேடிப் பிடித்ததுதான் வினை. போன வருஷ ஆர்டர் நன்றாகப் போனது என்பதற்காக இந்த வருஷத் தோலைத் தடவிப் பார்க்காமல் எந்த ஷூ கம்பெனி செக்கர் பாஸ் போடுவார்? பெங்களூருவுக்கு எதிராக தோனி ஒன்பதாவதாக இறங்கியதை (அன்று ஆட்டம் ஏற்கெனவே கைநழுவியிருந்தது) விசிலடித்து வரவேற்ற நமக்கும் இதில் பங்குண்டு. கடைசி இடத்துக்கு ஆறுதல்கூட இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் கடைசி அணிக்குத்தான் புது வீரர் தேர்வில் முதல் வாய்ப்பு. 2008-ல் 16 ஆட்டமும் தோற்ற டெட்ராய்ட் லயன்ஸுக்கு மறுவருஷம் மேத்யூ ஸ்டாஃபோர்ட் கிடைத்தார். இங்கே அந்தச் சலுகை கிடையாது. 17 வயது ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ் எல்லாம் சீசன் பாதி போன பிறகு, காயம்பட்டவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள். அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால், மார்ச்சிலேயே ஏன் இல்லை என்றுதான் கோபம் வருகிறது.