லாட்டரியில் அதிர்ஷ்டசாலி யார்?

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு தோழர் நமக்கு எழுதியிருக்கிறார். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம் கூட்டாளிகளில் பலர் தினந்தோறும் "மூணு நம்பர்" கட்டுகிறார்களாம். கடவுள் இல்லை, தலைவிதி இல்லை என்று நம்மோடு சேர்ந்து பேசுகிறவர்களும் அதில் உண்டாம். கேட்டால், "இதில் சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை, வெறும் கணக்குத்தானே? கணக்குப் பார்த்துக் கட்டினால் என்ன தப்பு?" என்கிறார்களாம். இதற்கு நாம் பதில் எழுத வேண்டும் என்பது தோழரின் விருப்பம். கணக்கு என்று அவர்களே சொல்லிவிட்டபடியால் நாமும் கணக்கையே பார்ப்போம். சாமியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பது 2003 ஜனவரியிலிருந்தே தடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் இவர்கள் கட்டும் நம்பர் எங்கிருந்து வருகிறது? கேரளத்திலிருந்து வருகிறது. அந்த ராஜ்யத்துச் சர்க்கார் 1967-ல் லாட்டரி இலாகா ஆரம்பித்து, 1968 ஜனவரி 26-ந் தேதி முதல் குலுக்கலை நடத்தியது. அன்று சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இன்று அது 2023-24-ம் வருஷத்தில் மாத்திரம் 12,000 கோடி ரூபாய்க்கு மேல் சீட்டு விற்ற பெரிய வியாபாரம். 1998-ம் வருஷத்து மத்திய சர்க்கார் லாட்டரிச் சட்டமோ, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்கிறது. அதற்கென்ன? திங்களுக்கு ஒரு பெயர், செவ்வாய்க்கு ஒரு பெயர் என்று ஏழு கிழமைக்கும் ஏழு வார லாட்டரி வைத்துவிட்டார்கள். சட்டமும் நிறைவேறியது, தினச் சூதும் நடக்கிறது. ஏகாதசியன்று சோறு கூடாது என்று சொல்லிவிட்டு உப்புமாவும் அடையும் வயிறு புடைக்கத் தின்கிறவர்களின் விரதம் மாதிரி இது.

சீட்டு எப்படி இருக்கிறது? தொடரைக் காட்ட இரண்டு எழுத்து, அதன்பின் ஆறு இலக்கம். 1,00,000 முதல் 9,99,999 வரை ஒரு தொடருக்கு 9 லட்சம் சீட்டு ஆகிறது. பன்னிரண்டு தொடர் அடித்தால் 1 கோடியே 8 லட்சம் சீட்டு. மத்தியானம் 3 மணிக்குத் திருவனந்தபுரத்தில் இயந்திரத்தைச் சுழற்றி நம்பர் எடுக்கிறார்கள். எழுத்தும் ஆறு இலக்கமும் அப்படியே பொருந்தினவனுக்கு முதல் பரிசு. கடைசி நாலு இலக்கம் மட்டும் பொருந்தினவர்களுக்குச் சில்லறைப் பரிசுகள். அந்தச் சில்லறை எதற்கு என்றால், "போன மாசம் எனக்கே ஐந்நூறு விழுந்ததே" என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவன் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமல்லவா? காசு வாங்காத பிரசாரகன் அவன்தான்.

ஒருவன் வாரம் தவறாமல் ஒரு சீட்டு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுவோம். வருஷத்துக்கு 52 சீட்டு. 1 கோடியே 8 லட்சத்தை 52-ஆல் வகுத்தால் 2 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம் வருஷம் வருகிறது. அதாவது முதல் பரிசு சராசரியாக ஒரு தடவை விழ அவ்வளவு காலம் அவன் உயிரோடிருந்து சீட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷந்தான் ஆகிறது என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள்.

சரி, விழுந்தேவிட்டது. முழுத் தொகையும் கைக்கு வருமா? 2022-ம் வருஷத்து ஓணம் பம்பர் லாட்டரியில் முதல் பரிசு 25 கோடி. சீட்டு 500 ரூபாய். ஏஜெண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் இரண்டரைக் கோடி போயிற்று. மிச்சத்தில் நூற்றுக்கு முப்பது வருமான வரி, 6 கோடியே 75 லட்சம். விழுந்தவருக்குக் கணக்கான தொகை 15 கோடியே 75 லட்சம். இதன்றிச் சீட்டு விற்கும்போதே ஜி.எஸ்.டி. வேறு. 2020 மார்ச்சு முதல் நூற்றுக்கு 28 ஆக இருந்த அதை 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே எல்லாச் சீட்டையும் ஒருவனே வாங்கி எல்லாப் பரிசையும் அவனே அடித்தாலுங்கூட அவனுக்கு நஷ்டம் நிச்சயம். முழுதும் வாங்கினவனுக்கே நஷ்டமான சரக்கில், ஒன்றிரண்டு வாங்குகிறவன் லாபம் எதிர்பார்ப்பது எந்தக் கணக்கைச் சேர்ந்தது?

சீமையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1994-ல் தேசிய லாட்டரி என்று வாரக் குலுக்கல் தொடங்கினார்கள். 49 நம்பரில் 6 நம்பரைச் சரியாகக் குறிக்க வேண்டும். 1,39,83,816-ல் ஒரு பங்கு வாய்ப்பு. 2013-ல் சீட்டு விலையை ஒரு பவுனிலிருந்து இரண்டு பவுனாக்கினார்கள். 2015-ல் 49 நம்பரை 59 ஆக்கினார்கள். பத்து நம்பர்தானே கூடிற்று என்று பாமரன் நினைப்பான். வாய்ப்போ 4,50,57,474-ல் ஒன்றாகப் போய்விட்டது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. படித்தவர் நிறைந்த தேசம் என்கிறார்கள். அங்கேயும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இவ்வளவும் சர்க்கார் சீட்டைப் பற்றியது. நெய்வேலித் தோழர்கள் கட்டுவது இதுகூட அல்ல. கேரளச் சீட்டில் முதல் பரிசு விழுந்த நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தின்மேல் பந்தயம் வைப்பதுதான் "மூணு நம்பர்". இதற்குச் சீட்டுக் கிடையாது. துண்டுக் காகிதம் அல்லது செல்போனில் ஒரு சேதி. முன்கூட்டி அறிவித்த நம்பரின் பேரிலோ ஒற்றை இலக்கத்தின் பேரிலோ பரிசு கொடுக்கக் கூடாதென்று, சர்க்கார் நடத்தும் லாட்டரியையே 1998-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சர்க்காருக்கே கூடாததை ஒரு மனிதன் டீக்கடை ஓரத்தில் நின்று நடத்துகிறான். அவன் கொடுக்கவில்லையென்றால்? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்துக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. பெரிய தொகை விழுந்த அன்றைக்கு அவன் கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனால், போனதுதான்.

அவன் யோக்கியன் என்றே வைத்துக்கொள்ளுவோம். 000 முதல் 999 வரை ஆயிரம் நம்பர். கட்டியதற்கு 500 மடங்கு கொடுப்பதாக அவன் சொல்லுகிறான் என்றும் வைத்துக்கொள்ளுவோம். கேட்கும்போது வாயில் எச்சில் ஊறும். தினம் 50 ரூபாய் வீதம் ஆயிரம் நாள் கட்டினால் 50,000 ரூபாய். சராசரியாக விழுவது ஒரு தடவை, 25,000 ரூபாய். பாதி போய்விட்டது. மேலும், சராசரி என்றால் எல்லாருக்கும் ஒரு தடவை விழும் என்று அர்த்தமல்ல. ஆயிரம் நாள் விடாமல் கட்டினவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு ஒரே ஒரு தடவைகூட விழாது. வியாபாரிக்கோ இந்தக் கவலை எதுவும் இல்லை. கட்டுகிறவர்கள் கூடக்கூட அவன் லாபம் மாதச் சம்பளம்போல நிலைத்துவிடுகிறது. அதிர்ஷ்டத்தை நம்பாத ஒரே ஆள் அவன்தான். அவன்தான் உண்மையில் கணக்குப் பார்க்கிறான்.

"பத்து நாளாய் ஏழு வரவில்லை, இன்றைக்கு வந்தே தீரும்" என்கிற கணக்குத்தான் நம் தோழர்கள் பார்க்கும் கணக்கு. நேற்று எது வந்தது என்று அந்த இயந்திரத்துக்கு ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு ஏழு வருவதற்கு நேற்று இருந்த வாய்ப்பே இன்றும் இருக்கிறது, நாளைக்கும் அதுவே இருக்கும். இதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டமாயிருக்கலாம். நெய்வேலிக்காரர்களுக்கு ஏன் கஷ்டம்? 1930-களில் கிணறு வெட்டியபோது கறுப்பாய் ஏதோ வந்தது. யாரும் ஜாதகம் பார்க்கவில்லை, துளை போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு கனத்தில் கிடக்கிறது என்று அளந்தார்கள். 1956-ல் கம்பெனி ஏற்பட்டு, 1957-ல் சுரங்க வேலை தொடங்கிற்று. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் மேலே பொத்துக்கொண்டு வராதிருக்க, எத்தனை குழாயில் எவ்வளவு இறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு இராப்பகலாய் இறைக்கிறார்கள். பக்கெட் வீல் இயந்திரம் எவன் தலையெழுத்தைக் கேட்டும் மண்ணை வெட்டுவதில்லை. (ஆயுத பூஜையன்று அதற்கும் பொட்டு வைக்கிறார்கள், அது வேறு கதை.) அளவையும் காரணத்தையும் நம்பி நடக்கும் வேலையில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு, வெளியே வந்ததும் நேற்றுக் கனவில் கண்ட பஸ்ஸின் நம்பரைக் கட்டுகிறார்களே, அந்த எட்டு மணி நேரத்து அறிவை ஷிப்டு முடிந்ததும் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டா வருகிறார்கள்?

இப்போது சாமியைப் பார்ப்போம். லாட்டரியில் சாமி இல்லையாம்! அதிர்ஷ்டம் என்ற சொல்லே வடமொழி. திருஷ்டம் என்றால் காணப்பட்டது, அதிர்ஷ்டம் என்றால் காணப்படாதது என்று பொருள். காணாத ஒன்று நமக்காக எங்கோ உட்கார்ந்து நன்மை செய்யும் என்று நம்புவதற்குத்தான் உலகத்தில் பக்தி என்று பெயர். ராசியான நம்பர், ராசியான கடை, ராசியான கை என்று ஸ்தல புராணம் ஏற்பட்டாயிற்று. நம்பர் எழுதுகிறவன் பூசாரி. கட்டுகிற காசு காணிக்கை. விழாவிட்டால் சாமிமேல் குற்றமில்லை, நம் நேரம் சரியில்லை! பெண்டாட்டியைச் சூதில் வைத்துத் தோற்றவனுக்குத் தருமன் என்று பெயர் கொடுத்துக் கும்பிடுகிற நாட்டில் இது ஆச்சரியமுமல்ல.

இதற்கு இன்னொரு வாதமும் உண்டு. "சர்க்காரே மறுபடி லாட்டரி நடத்தட்டும், கள்ள லாட்டரி ஒழியும், வருமானமும் வரும்" என்பது அது. 1968-ல் அண்ணாதுரை அவர்களின் ஆட்சியில்தான் இங்கே சர்க்கார் லாட்டரி ஏற்பட்டது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். நமக்கு வேண்டியவர்கள் ஆரம்பித்ததென்பதற்காக அதைச் சரி என்று நாம் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு விழுந்தது ஒருவனுக்கு, நாட்டுக்கு என்று போனது மற்றவர்களின் அரிசிப் பணம். கேரளத்தில் சர்க்கார் லாட்டரி சட்டப்படி நடக்கிறதே, அங்கே கள்ள லாட்டரி ஒழிந்துவிட்டதா? அங்கேயும் "எழுத்து லாட்டரி" என்று இதே மூன்று நம்பர் சூதுக்காகப் போலீசார் ஆட்களைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கள்ளனுக்கு வேண்டிய நம்பரைத் தினம் 3 மணிக்கு உற்பத்தி செய்து கொடுப்பதே சர்க்கார் குலுக்கல்தான். அங்கே காருண்யா என்னும் சீட்டின் லாபத்தில் ஏழை நோயாளிகளுக்கு வைத்தியச் செலவு கொடுக்கப்பட்டு வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஏழையின் வைத்தியத்துக்கு ஏழையின் சூதுக்காசு ஏன், பணக்காரனிடம் வரி வாங்கிக் கொடுத்தால் என்ன என்றுதான் கேட்கிறோம்.

இது ஏதோ பொழுதுபோக்கு, பத்து இருபதோடு போகிறது என்பவர்கள் விழுப்புரத்தை நினைத்துப் பார்க்கட்டும். நெய்வேலிக்குத் தூரமுமல்ல. 2019 டிசம்பரில் அங்கே ஒரு தொழிலாளி, மூன்று நம்பர் லாட்டரியில் கட்டிக் கட்டிக் கடனாளியானதாகவும் அதை ஒழிக்க வேண்டும் என்றும் செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிட்டுக் குடும்பத்தோடு செத்தார். மூன்று பெண் குழந்தைகள். அந்தக் குழந்தைகள் எந்த நம்பரைக் கட்டின? அதன் பிறகு சில நாள் போலீசார் பிடித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. கடலூர் மாவட்டத்தில் துண்டுச் சீட்டு விற்றவர்கள் கைது என்ற சேதி அப்புறமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளி ஏன் கட்டுகிறான் என்பது நமக்குத் தெரியாததல்ல. பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு டவுன்ஷிப்பில் வீடு இருக்கிறது, இவனுக்கு வாடகைக் குடிசை. வாங்கும் கூலியில் எத்தனை வருஷம் மிச்சம் பிடித்தாலும் வீடு ஆகாது என்று அவனுக்கே தெரிகிறது. அதனால் குதித்துத் தாண்டப் பார்க்கிறான். இதே தொழிலாளர்கள்தான் நிரந்தரம் கேட்டு 2014-லும் 2023-லும் வேலை நிறுத்தம் செய்தார்கள். கேட்டது எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லைதான். ஆனால் அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவன் யார், எந்தக் கணக்கைக் காட்டி இல்லை என்கிறான், அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று கேட்க முடிந்தது. தினம் 50 ரூபாய் என்றால் 26 நாள் வேலைக்கு 1,300 ரூபாய். இதை மாதந்தோறும் நம்பர் எழுதுகிறவனிடம் கொடுக்கிறவர், தம் சங்கச் சந்தாவில் எத்தனை மாதம் பாக்கி வைத்திருக்கிறார் என்று நெய்வேலித் தோழர் விசாரித்து நமக்கு எழுதட்டும்.