நூல் சுற்றும் கை நூல் படிக்கட்டும்!

மே மாதம் என்றால் நமக்குச் செங்கொடியும் மே தினமும் நினைவுக்கு வரும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி முதலாளிக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடம் மூடிவிட்டது; தார் சுற்றப் பிள்ளைகள் கிடைப்பார்கள்! சேலத்து வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலைக்குப் பிஞ்சுக் கைகள் தேடப்படுகின்றன. கிராமத்தில் விவசாயத் தொழிலாளியின் பிள்ளை செங்கல் சூளைக்குத் தாய் தகப்பனோடு போகிறது. இல்லையேல் ஆடு மேய்க்கப் போகிறது.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. போன பிள்ளைகளில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. ஒன்றரை மாதம் கொண்டுவந்த கூலி குடும்பச் செலவில் கலந்துவிட்டது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகனும் ஈடாகிவிட்டான். ஒரு பாட்டாளிக் குழந்தையின் படிப்பு இப்படித்தான் சத்தமில்லாமல் முடிகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் ஒரு சந்தையும் திறந்து வைத்திருக்கிறது. ஆபத்தானவை என்று அட்டவணையில் சேர்த்தவை நீங்கலாக, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறைக் காலத்திலும் பிள்ளைகள் உதவலாமாம்! வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் ஊரில் குடும்பம் எது, தொழிற்சாலை எது? விடுமுறை என்ற சொல்லைச் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தவர்கள் யாருக்காக எழுதினார்கள் என்பதைத் தொழிலாளி வர்க்கம் யோசிக்க வேண்டும்.

இதே கோடையில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அது பொது நூலகம். மாவட்ட மைய நூலகங்களிலும் பல கிளை நூலகங்களிலும் மே மாதத்தில் குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறார்கள். கதை சொல்கிறார்கள், படிக்கச் சொல்கிறார்கள், படம் வரைய வைக்கிறார்கள். நல்ல காரியம், நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அங்கே போய் அமரும் பிள்ளைகள் யார்? பெரும்பாலும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மில் லைன் வீட்டுப் பிள்ளை எங்கே? காலனிப் பிள்ளை எங்கே?

இது சிறிய விஷயமல்ல. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பார்பரா ஹெய்ன்ஸ் என்ற ஆய்வாளர் 1978ல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளி நடக்கும் மாதங்களைவிடக் கோடை விடுமுறையில்தான் ஏழைப் பிள்ளைக்கும் வசதியுள்ள பிள்ளைக்கும் இடையே கல்வியில் வித்தியாசம் அதிகமாகிறது என்று அவர் கண்டார். விடுமுறையில் புத்தகம் படித்த பிள்ளை முன்னேறியது என்றும் கண்டார். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி என்றால், தார் சுற்றும் நம் பிள்ளையின் கதி என்ன?

தோழர்களே, நூலகம் யாரோ போடும் தர்மமல்ல. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று ரூபாய்க்கு 10 பைசா. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். தமிழ்நாட்டில் இன்று 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவை நம் காசில் நடப்பவை. நம் காசில் வாங்கிய புத்தகத்தை நம் பிள்ளை தொடாமல் இருப்பது என்ன நியாயம்?

"படிப்பு சோறு போடுமா?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். அவர்களை நாம் குறை கூற மாட்டோம். கூலி போதாததால்தான் பிள்ளையின் கூலியும் தேவைப்படுகிறது. ஆகவே கூலி உயர்வுப் போராட்டமும் நூலகப் போராட்டமும் வெவ்வேறல்ல. கண்ணனூர் பீடித் தொழிலாளர்களைப் பாருங்கள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படித்தவரின் பங்கையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். அப்படிப் படித்துத்தான் அங்கே சங்கம் வேரூன்றியது. முன்பணக் கணக்கைத் தானே படித்துப் பார்க்கும் பிள்ளையின் தகப்பனை முதலாளி எளிதில் ஏமாற்ற முடியாது.

1913ல் லெனின் நியூயார்க் பொது நூலகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆண்டில் சுமார் 79 லட்சம் புத்தகங்கள் வீட்டுக்கு இரவல் போனதையும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைகள் எடுத்ததையும் கணக்கோடு காட்டினார். முதலாளித்துவ நாட்டில் இருந்தாலும் நல்லதை நல்லது என்றார். ஒரு நூலகத்தின் பெருமை அதிலுள்ள அபூர்வ ஏடுகளில் இல்லை, எத்தனை பேர் கைக்குப் புத்தகம் போகிறது என்பதில் இருக்கிறது என்பதே அவர் வாதம். நம் நாட்டிலும் 1931ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அன்று மாட்டு வண்டி போன இடத்துக்கு இன்று மோட்டார் வண்டி போகாதா?

ஆகவே நாம் கோருவது இது. கோடை முகாம் மாவட்டத் தலைநகரோடு நிற்கக் கூடாது. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், சங்ககிரி வட்டாரங்களின் ஊர்ப்புற நூலகங்களிலும் நடக்க வேண்டும். தாய் தகப்பன் வேலைக்குப் போகும் நேரம் முழுவதும் நூலகம் திறந்திருக்க வேண்டும். மதியம் ஒரு வேளை சோறும் அங்கே போட வேண்டும். வசூலித்த நூலக வரியை நிலுவை வைக்காமல் ஸ்தல ஸ்தாபனங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். ஊர்ப்புற நூலகர்களுக்கு வாழ்வதற்கேற்ற சம்பளம் வேண்டும், அவர்களும் உழைப்பாளிகளே.

கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது. ஒவ்வொரு மில் கேட் கிளையும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தன் தெருப் பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். உறுப்பினராகச் சேரும் காப்புத் தொகையைச் சங்கம் கட்டட்டும். பல ஊர்களில் நூலகம் ஊருக்குள் இருக்கிறது. காலனிப் பிள்ளை உள்ளே போய் நாற்காலியில் உட்காரத் தயங்குகிறது. அந்தப் பிள்ளைகளைத் தோழர்கள் கைபிடித்து அழைத்துப் போய் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். எவனாவது முகம் சுளித்தால் அவனுக்குப் பதில் சொல்வது நம் வேலை.

தார் சுற்றும் கையில் புத்தகம் ஏறட்டும்! ஜூன் மாதத்தில் நம் பிள்ளைகளில் ஒருவர் குறையாமல் பள்ளிக்குத் திரும்பட்டும்!