கழற்றிய டயரைத் தூக்கிப்போடும் முன்

உங்கள் வீட்டுக் கார் வாகனச் சோதனையில் தேறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெம்பனிசில் இருப்பவர்களுக்குக் காக்கி புக்கிட்டும் சாங்கியும் பக்கம். அங்குள்ள சோதனை நிலையம் ஒன்றில் கொடுத்த அறிக்கையில் முன் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டதாகக் குறித்திருக்கிறார்கள். அப்பா பட்டறைக்குப் போய் இரண்டு புது டயர் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். சனிக்கிழமை மறுசோதனை. "புது டயர்தானே, தேறிவிடும்" என்பதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பெரும்பாலும் தேறிவிடும்தான். ஆனால் பட்டறைக்காரர் கழற்றி மூலையில் சாய்த்து வைத்தாரே, அந்தப் பழைய டயர்களை யாராவது உற்றுப் பார்த்தீர்களா? அவை ஏன் தேய்ந்தன என்று கேட்காமல் மறுசோதனைக்குப் போவது, காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவதைப் போன்றது. இயற்பியல் படிக்கிற நீங்கள்தான் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சனிக்கிழமை என்ன நடக்கும் என்று பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் மூன்று வயதைத் தாண்டிய கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதைத் தாண்டியவற்றை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும், டாக்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. அதனால்தான் வீட்டில் இவ்வளவு அவசரம்.

மறுசோதனையில் முதல் அறிக்கையில் எழுதிய குறை சரியாகிவிட்டதா என்பதுதான் முக்கியம். டயரின் பள்ளங்கள் போதிய ஆழம் இருக்கின்றனவா, பக்கச் சுவரில் வெட்டோ வீக்கமோ உண்டா, ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒத்துப்போகின்றனவா, அளவு இந்தக் காருக்கு உரியதுதானா என்று பார்ப்பார்கள். பக்கச் சுவரில் 195/65 ஆர்15 91வி என்பதுபோல எழுதியிருக்கும். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை ஓடத் தகுந்தது. மலிவாகக் கிடைத்ததென்று சுமைக் குறியீடு குறைந்த டயரை மாட்டினால், அது எவ்வளவு புதிதாக இருந்தாலும் குறை குறைதான்.

முதல் அறிக்கையில் பக்கச் சறுக்கலும் குறையாக எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. புது டயரில் அது ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் பள்ளம் தேய்ந்துபோன டயரை மொட்டை டயர் என்பார்கள். மொட்டையாகிவிட்டால் பிடிப்பு போய்விடும் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். காய்ந்த சாலையில் அது சரியல்ல. பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் பள்ளமே இல்லாத டயரில்தான் ஓடுகின்றன. தரையைத் தொடும் ரப்பர் அங்கே கூடுதல். பள்ளங்கள் இருப்பது தண்ணீருக்காக. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. மழை அளவு 2,100 மி.மீ.க்கும் மேல். இந்த ஊரில் டயர் என்பது பாதி நேரம் ஒரு தண்ணீர் இறைக்கும் இயந்திரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. என்றால் வினாடிக்கு 22 மீட்டர். டயரின் அகலம் 18.5 செ.மீ. சாலையில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது. மூன்றையும் பெருக்கினால் ஒரு டயர் ஒவ்வொரு வினாடியும் சுமார் 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். அதாவது வினாடிக்கு ஒரு வாளி. ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொட்டிருக்கும் நேரமோ வினாடியில் ஏறக்குறைய 150ல் ஒரு பங்கு. அதற்குள் தண்ணீர் ஓட வழி வேண்டும். 8 மி.மீ. பள்ளம் 1.6 ஆகிவிட்டால் அந்த வாய்க்காலின் ஆழம் ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது.

வழி போதாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு போலப் புகுந்து அதைத் தூக்கிவிடும். இதை நீர்மேல் சறுக்கல் என்கிறோம். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் கார் கேட்காது, ஏனென்றால் டயர் சாலையைத் தொடவே இல்லை. ஈர ஓடுபாதையில் விமானங்கள் இப்படிச் சறுக்குவதை ஆராய்ந்த நாசாவின் வால்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் இருவரும் 1963ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்த எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. டயரின் காற்றழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 6.35ஆல் பெருக்குங்கள். பள்ளங்கள் கொள்ளாத அளவு தண்ணீர் நிற்கும்போது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் தோராயமாக மணிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைக்கும்.

220 கிலோபாஸ்கல் என்றால் விடை 94 கி.மீ. காற்று கால்வாசி இறங்கி 165 ஆகிவிட்டால் 82 கி.மீ. நம் விரைவுச்சாலைகள் பலவற்றில் வேக வரம்பு 90 என்பதை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். வரம்பை மீறாமல் ஓட்டுகிற ஒருவர், டயரில் காற்று குறைந்த ஒரே காரணத்தால், மழையில் ஆபத்தான பக்கத்துக்கு வந்துவிடுகிறார்.

இங்கே ஒரு மாணவர் கேட்கலாம்: காற்று குறைந்தால் டயர் சப்பையாகி அதிகப் பரப்பு தரையைத் தொடுமே, பிடிப்பு கூடத்தானே வேண்டும்? நல்ல கேள்வி. 1,400 கிலோ காரில் ஒரு டயருக்கு 350 கிலோ. அதை 220 கிலோபாஸ்கலால் வகுத்தால் சுமார் 156 சதுர செ.மீ. வரும். அஞ்சலட்டை அளவுதான். 165 கிலோபாஸ்கலில் அது 208 ஆகிவிடும். பரப்பு கூடியது உண்மை. ஆனால் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றுவது பரப்பு அல்ல, அழுத்தம். தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். டயரின் அழுத்தத்தை அது எட்டியதும் டயர் தோற்றுவிடும். சூத்திரத்தில் வர்க்கமூலம் வருவதும் இதனால்தான்.

இப்போது பட்டறை மூலையில் கிடக்கும் டயருக்கு வாருங்கள். குனிந்து, அதன் குறுக்கே விரலை ஓட்டுங்கள். நடுப்பகுதி நன்றாக இருந்து இரு ஓரமும் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம், அதுவும் உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்தோ கோணியோ நிற்கிறது என்று பொருள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் இருந்தால் சக்கரங்கள் நேராகப் பார்க்கவில்லை. அங்கங்கே குழி குழியாக இருந்தால் அதிர்வுத் தாங்கியைச் சந்தேகிக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் இதையெல்லாம் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

உள்ளோரம் மறைந்திருக்கும் இடம். காரைச் சுற்றி நடந்து பார்ப்பவர் கண்ணுக்கு வெளியோரம்தான் தெரியும், அது புதிது போலவே இருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்தினால்தான் முன் டயரின் உள்ளோரம் தெரியும்.

பக்கச் சறுக்கல் சோதனை இதைத்தான் அளக்கிறது. பக்கவாட்டில் அசையக்கூடிய ஒரு தகட்டின் மேல் காரை மெதுவாக ஓட்டுவார்கள். சக்கரம் நேராக உருண்டால் தகடு அசையாது. கோணியிருந்தால் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு மீட்டர் ஓட்டத்துக்கு 5 மி.மீ. தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோணமாகப் பார்த்தால் அது கால் டிகிரியைவிடச் சற்றுத்தான் கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 10,000 கி.மீ. ஓடும்போது, அந்த டயர் ஏறக்குறைய 50 கி.மீ. தூரம் பக்கவாட்டில் சாலையோடு உரசியிருக்கும். தீவு விரைவுச்சாலையின் முழு நீளமே சுமார் 43 கி.மீ.தான். சாங்கியிலிருந்து துவாஸ் வரை டயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம்!

வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் புது டயர் மட்டும் போட்ட கார், தகட்டின் மேல் மறுபடியும் தவறக்கூடும். தகட்டுச் சோதனையில் வரம்புக்குள் தப்பித்துக்கொண்டாலும் புது டயர் அதே ஓரத்தில் அதே வேகத்தில் தேயத் தொடங்கும். அடுத்த சோதனை இரண்டு ஆண்டு கழித்து. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடும் கார் அதற்குள் 30,000 கி.மீ. ஓடிவிடும். சோதனை நிலையம் எடுப்பது ஒருநாள் புகைப்படம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருநாளில் அவ்வளவுதான் பார்க்க முடியும். ஆனாலும் தேய்ந்த டயரைக் குறிக்கும்போது "உள்ளோரம்", "இரு ஓரம்" என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால், காரணத்தைத் தேட வீட்டில் ஒருவருக்காவது தோன்றும் என்று நினைக்கிறேன்.

1.6 மி.மீ. வரும்வரை காத்திருக்கலாமா என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள் என்று சில டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. மிஷலின் நிறுவனமோ, நல்ல டயர் என்றால் சட்ட வரம்புவரை உழைக்க வேண்டும், முன்கூட்டியே வீசுவது பணத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நட்டம் என்று வாதிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், புதிய வகைக் கார் டயர்கள் தேய்ந்த நிலையிலும் ஈரச் சாலையில் பிடிக்கின்றனவா என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நமக்கு அடைமழையும் விரைவுச்சாலையும் ஒரே மாலையில் வரும். அதனால் 3 மி.மீ. வந்ததும் மாற்றத் திட்டமிடுவதே சரி என்பது என் கட்சி. காரணத்தைச் சரிசெய்துவிட்டால் டயர் அந்த 3 மி.மீ.யை எட்டவே கூடுதல் காலம் ஆகும், வீணாவதும் குறையும்.

உங்களிடம் கார் இல்லாமல் இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இல்லை. அண்ணனிடம் உணவு விநியோகிக்கும் மோட்டார்சைக்கிள் இருக்கலாம், மாமா நிறுவனத்தின் லாரியை ஓட்டலாம். மோட்டார்சைக்கிளுக்கு இரண்டே டயர். ஒன்று மிதந்தால் தாங்கிப்பிடிக்க மூன்று இல்லை. லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைக்குப் போய்வரும் ஊழியர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் ஏறும்முன் டயரைக் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் மாற்றச் சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை. அந்தப் பொறுப்பு வண்டியை வைத்திருப்பவருடையது, சோதனை நாளில் மட்டுமல்ல.

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் உங்கள் வீட்டு வண்டியையோ தெரிந்தவர் வண்டியையோ, அவரிடம் கேட்டுவிட்டு, பத்து நிமிடம் பாருங்கள். பள்ளங்களுக்குள் சற்று உயர்ந்த சிறு பாலங்கள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மி.மீ. வந்துவிட்டது. அவை எங்கே என்று காட்டப் பக்கச் சுவரில் முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். நடுவில் மட்டும் பார்க்காதீர்கள், இரு ஓரமும் பாருங்கள். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாகும் முன் அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் தேடுங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35வது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிக்கும் என்பதால் இந்த எண் முக்கியம். புதிதாக வாங்கும் டயரிலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுசோதனை முடிந்து சான்றிதழ் கையில் வந்த பிறகும் இரண்டு வேலை பாக்கி. புது டயரின் மேற்பரப்பு முதல் சில நூறு கி.மீ. வரை சற்று வழுக்கும். அச்சிலிருந்து டயரைப் பிரித்தெடுக்கப் பூசிய பொருளின் மிச்சம் அதில் இருக்கலாம். அதுவரை மழையில் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள். சக்கரத்தின் நட்டுகளை 50, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். பட்டறைக்குத் திரும்பப் போனால் ஐந்து நிமிட வேலை.