மஞ்சள் கொடி கட்டிய கடை

"சீனர் கடையில் சைவச் சாப்பாடா? சரிதான், போங்கள்!" என்று உங்களில் பலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். ஒரு நவராத்திரி சமயத்தில் மாமியாரை அழைத்துக் கொண்டு பினாங்குக்குப் போய், அங்கே திருதிருவென்று விழித்த பிறகுதான் என் அபிப்பிராயம் மாறியது.

என் கொழுந்தனார் அங்கே உத்தியோகம் பார்க்கிறார். மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. வெங்காயம், பூண்டு தொட மாட்டார். கடைசியில் ஒரு கை தயிர் சாதம் இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. கொழுந்தனாரின் பெண்ணோ கல்லூரியில் படிக்கிறவள். பால், தயிர், நெய், தேன் எதையும் ஒரு வருஷமாகத் தொடுவதில்லை. இதற்கு 'வீகன்' என்று பெயர். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸன் என்பவரும் அவருடைய சிநேகிதர்களும் உண்டாக்கிய சொல் இது.

"பால் கன்றுக்குத்தானே பாட்டி?" என்பாள் பெண்.

"கன்றுக்கு விட்டுத்தான்டி கறப்போம்!" என்பார் பாட்டி.

அவளுக்கு வெங்காயம் இல்லாமல் தொண்டையில் இறங்காது. இவருக்கு அந்த வாசனையே ஆகாது. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு சமையல். ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர் உட்காருவது. பேத்தியோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டுமென்று கடல் கடந்து வந்த கிழவிக்கு இது எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் நாள் சமாதானத் தூது போவதாக நினைத்துக் கொண்டு, எல்லோரையும் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்கு நான்தான் கிளப்பினேன். காய்கறி போட்ட ஃபிரைட் ரைஸ் சொன்னேன். "மீட் இல்லையே?" என்று பரிமாறும் பையனிடம் இரண்டு தடவை கேட்டேன். "நோ மீட், நோ மீட்" என்றான். வெங்காயத்தைக்கூட எடுத்து விடச் சொன்னேன். மாமியார் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் எதையோ விரலால் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்னம்மா, சுருண்டு கிடக்கிறது?"

காய்ந்த சின்ன இறால்!

அவர் சத்தம் போடவில்லை. எழுந்து போய் வாயைக் கொப்பளித்தார். மறுநாள் காலை ஸ்நானம் செய்யும் வரையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

பையன் பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் அகராதியில் 'மீட்' என்றால் பன்றி, கோழி, மாடு. ஒரு கை காய்ந்த இறால் என்பது நாம் கடுகு தாளிக்கிற மாதிரி, வாசனைக்குப் போடுகிற சாமான். கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்தான். சகோதரிகளே, வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். சீனர் சமையலறையில் 'மாமிசம் உண்டா?' என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. சிப்பியிலிருந்து எடுக்கும் ஆய்ஸ்டர் சாஸ் உண்டா, கோழி வேகவைத்த தண்ணீர் உண்டா, பன்றிக் கொழுப்பில் வதக்கினதா, மீன் சாஸ், இறால் விழுது உண்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கீரைப் பொரியல் பார்வைக்குப் பரமசாதுவாக இருக்கும். ஆனால் பளபளப்பு பெரும்பாலும் அந்த ஆய்ஸ்டர் சாஸால் வந்தது.

மறுநாள் தெருவில் பார்த்தால், சில கடைகளில் சிறு சிறு மஞ்சள் கொடிகள் செருகியிருந்தன. கொழுந்தனார் விஷயத்தைச் சொன்னார். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் 'ஒன்பது சக்கரவர்த்தித் தெய்வங்கள்' உற்சவம். விரதம் எடுத்தவர்கள் ஒன்பது நாளும் சைவம்தான் சாப்பிடுவார்கள். சைவம் சமைக்கும் கடைக்கு அடையாளம் மஞ்சள் கொடி. பெரும்பாலான வருஷங்களில் இது நம் நவராத்திரியோடு ஒட்டியே வருகிறது. வீட்டில் கொலு வைத்து விட்டுப் பினாங்கு வந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! "அவர்களுக்கும் ஒன்பது நாளா?" என்று இரண்டு தடவை கேட்டார் மாமியார். கேட்டாரே தவிர, கடைக்கு வர இசையவில்லை. "பாட்டி, நான் கேட்கிறேன், ஒவ்வொன்றாக" என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கிளம்பினார்.

ஜார்ஜ் டவுனில், குவான் யின் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்தது அந்தக் கடை. கருணையே உருவான அவலோகிதேசுவரரைத்தான் சீனர்கள் குவான் யின் என்று தாயாக வழிபடுகிறார்கள். கீழே கடை, மேலே வீடு. 'அஞ்சடி' என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் நடைபாதையில் உட்கார்ந்து கிழவி ஒருத்தி கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். மகள் கல்லாவில், மருமகன் வாணலியில், பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் பேரன் மேஜை துடைத்தான். உற்சவத்துக்காகச் சைவமான கடையல்ல. வருஷம் முழுவதுமே அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மட்டும் மாமிசத்தை விடுகிற சீனர்கள் ஏராளமாம். அன்றைக்கெல்லாம் கூட்டம் தாங்காதாம்.

உள்ளே நுழைந்ததும் மாமியார் பின்வாங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாத்து!

பேரன் சிரித்து விட்டான். அது கோதுமை. மாவைப் பிசைந்து ஊற வைத்து, தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கசக்கிக் கழுவுகிறார்கள். பால் போல மாவுச்சத்தெல்லாம் கரைந்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவினால் கையில் ரப்பர் மாதிரி ஒரு பிண்டம் மிஞ்சும். அதை வேக வைத்தோ பொரித்தோ எந்த உருவம் வேண்டுமானாலும் செய்யலாம். வீட்டில் செய்து பார்த்தேன். கை கடுத்துப் போயிற்று, வாத்து வரவில்லை.

"வேண்டாம் என்று விட்டவனுக்கு அதன் உருவம் மட்டும் எதற்கு?" என்றார் மாமியார். என் அபிப்பிராயமும் அதுதான். ஆனால் மாதத்தில் இரண்டு நாள் விரதம் இருக்கிறவன் மனசு மற்ற இருபத்தெட்டு நாளை நினைக்காமல் இருக்குமா?

பேத்தி தன் கேள்விகளை ஆரம்பித்தாள். ஆய்ஸ்டர் சாஸ்? காளானிலிருந்து செய்தது. முட்டை? இல்லை. பால்? கிடையாது, சீனர்களின் பழைய சமையலில் பாலுக்கு இடமே மிகக் குறைவு. (கடையில் வாங்கும் போலி மாமிசங்களில் முட்டை வெள்ளையோ பால் பொடியோ சேர்ப்பதுண்டு, அதைக் கேட்கத்தான் வேண்டும். தைவானில் இந்தத் தொல்லை வேண்டாமென்று, முட்டை, பால், வெங்காயம் பூண்டு இவற்றில் எது உண்டு எது இல்லை என்று சைவத்தையே ஐந்து வகையாகப் பிரித்து அட்டையில் அச்சிடுகிறார்கள்!)

"வெங்காயம்?" என்று மாமியாருக்காக நான் கேட்டேன்.

கிழவி வாசலிலிருந்தே மலாயில் குரல் கொடுத்தாள். "பாவாங்" கிடையவே கிடையாதாம். மலாயில் வெங்காயம், பூண்டு இரண்டுக்கும் அதுதான் பெயர். புத்த மதத்தில் ஐந்து பொருள் விலக்கு என்று பேரன் விரலை மடக்கினான்: பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு வாசனை வீசும் ஒரு கீரை. ஐந்தாவதன் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. "அது என்னவோ ஒன்று" என்று விட்டு விட்டான்.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தார்.

இது நேற்று முளைத்த ஆசாரமல்ல. லியாங் வம்சத்து வூ சக்கரவர்த்தி (502-549) பிக்ஷுக்கள் மாமிசமும் மதுவும் தொடக் கூடாதென்று கட்டளையிட்டவர். காஞ்சியிலிருந்து போனதாகச் சொல்லும் போதிதர்மர் சந்தித்ததாகக் கதை இருக்கிறதே, அதே வூதான்.

வந்த பதார்த்தங்களில் 'லோ ஹான் ஜாய்' ஒன்றைப் பற்றியாவது சொல்ல வேண்டும். அர்ஹத்துகளான புத்த மகான்களின் பெயரால் வந்த கூட்டு. காது மாதிரி சுருண்ட கறுப்புக் காளான், உலர்ந்த லில்லி மொட்டு, முட்டைகோஸ், கண்ணாடி போன்ற ஒரு சேமியா. அந்தச் சேமியா பாசிப்பயற்று மாவில் செய்தது என்றதும் மாமியாருக்கு மகா சந்தோஷம். சோயாப் பால் கொதிக்கும்போது மேலே படியும் ஆடையை எடுத்து உலர்த்தி, அதையும் சேர்த்திருந்தார்கள். பால் ஆடை, ஆனால் பால் இல்லை! பாட்டியும் பேத்தியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். வெங்காயம் இல்லாததைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில் "தயிர்?" என்று இவர் மெதுவாகக் கேட்டார். பேரன் சோயாப் பால் கொண்டு வந்தான். ஒரு வாய் குடித்து, "பச்சை வாசனை" என்று பேத்தியிடம் தள்ளி விட்டார். ஆனால் இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டு வாங்கிக் கொண்டார்.

கிளம்பும்போது மாமியார் கைப்பையிலிருந்து ஒரு சம்புடத்தை எடுத்தார். இறால் சம்பவத்துக்குப் பிறகு எங்கே போனாலும் உடன் வந்த பருப்புப் பொடி. அதைக் கிழவியின் கையில் வைத்து, சாதத்தில் பிசைவது போல் ஜாடை காட்டினார். கிழவி மூடியைத் திறந்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பேரனிடம் ஏதோ சொல்லி விட்டு, சம்புடத்தை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாட்டி மன்னிக்கச் சொல்கிறார். அந்த ஐந்தாவது பொருள் இதில் இருக்கிறதாம்."

பெருங்காயம்!

என் மாமியாருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! அறுபது வருஷமாக வெங்காயத்தைத் தொடாதவர். அவர் ரஸத்தையே அந்தக் கிழவி தொட மாட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. சம்புடத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக் கொண்டு பேத்தியைப் பார்த்தார்.

"நாளைக்குப் பெருங்காயம் போடாமல் இடித்துக் கொண்டு வருகிறேன் என்று சொல்லுடி" என்றார். "மிளகு சேர்க்கலாமா என்று கேட்டுக் கொள்."